கெட்டியான பானமும் ருசியாய் இருக்கட்டும்

விழுங்கச் சிரமப்படுகிறவர்களைப் பற்றிய ஒரு பாடம்



உங்கள் காணிக்கைகள் அறுவை சிகிச்சைக்கும் மருந்துக்கும் படுக்கைகளுக்கும் பயன்படுவதை நீங்கள் அறிவீர்கள். இந்த முறை அவற்றைவிடச் சிறியதாகத் தோன்றும் ஒரு காரியத்தை உங்களோடு சேர்ந்து படிக்க விரும்புகிறோம். அது நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு டம்ளர் பானம்.

தாகமாயிருந்தவருக்குக் கொடுத்த பானத்தைத் தமக்கே கொடுத்ததாக ஆண்டவர் எண்ணுகிறார் என்பதை மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். ஆனால் சிலருக்கு வெறும் தண்ணீரே ஆபத்தாகிவிடுகிறது. அவர்களுக்குத் தாகம் இருக்கிறது, தண்ணீரும் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் குடிக்க முடியவில்லை. அவர்களுக்கு நாம் என்ன கொடுப்பது? எப்படிக் கொடுப்பது? இதுவே இந்தப் பாடம்.

1. புரை ஏறுவது ஏன்?

நம் தொண்டையில் இரண்டு வழிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று வயிற்றுக்குப் போகும் உணவுக்குழாய். மற்றது நுரையீரலுக்குப் போகும் மூச்சுக்குழாய். நாம் விழுங்கும் ஒவ்வொரு முறையும் குரல்வளை மேலெழுந்து, மூச்சுக்குழாயின் வாசல் ஒரு கணம் மூடிக்கொள்கிறது. பல தசைகளும் நரம்புகளும் ஒன்றாக இயங்கினால்தான் இது சரியாக நடக்கும்.

பக்கவாதம், பார்க்கின்சன் நோய், தலையில் அடி, வாய் அல்லது தொண்டைப் புற்றுநோய், மூளை வாதம் போன்றவற்றில் இந்த ஒழுங்கு கெடுகிறது. தண்ணீர், காபி, ரசம் போன்றவை வேகமாக ஓடுகிறவை. வாசல் மூடுவதற்குள் அவை மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடலாம். அப்படி இறங்கியது நுரையீரலில் தங்கினால் நிமோனியா வரக்கூடும்.

நம் வீடுகளில் யாருக்காவது புரை ஏறினால், "யாரோ நினைக்கிறார்கள்" என்று சொல்லித் தலையில் தட்டுகிறோம். ஆரோக்கியமானவருக்கு அது வேடிக்கையாகப் போய்விடும். பக்கவாதம் வந்தவருக்கு ஒவ்வொரு சாப்பாட்டிலும் புரை ஏறினால் அது எச்சரிக்கை மணி. குடித்தபின் குரல் ஈரமாக, கரகரவென்று கேட்பதும், அடிக்கடி காய்ச்சல் வருவதும், காரணமில்லாமல் எடை குறைவதும் அப்படியே. இன்னொன்றும் நினைவிருக்கட்டும். சிலருக்கு இருமலே வராமல் பானம் உள்ளே இறங்கிவிடும். ஆகவே இருமவில்லை என்பதை வைத்து ஆபத்தில்லை என்று முடிவு செய்யக்கூடாது.

2. கெட்டியாக்குவதன் பயனும் குறையும்

பானத்தைக் கொஞ்சம் கெட்டியாக்கினால் அது மெதுவாக நகரும். மூச்சுக்குழாய் மூடிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். இதுவே இந்த முறையின் அடிப்படை.

ஆனால் இதில் ஒரு குறை உண்டு. கெட்டியான பானத்தைப் பலருக்குப் பிடிப்பதில்லை. கொழகொழவென்று நாக்கில் ஒட்டுகிறது, ருசி மங்கிவிடுகிறது, குடித்தபின்னும் தாகம் தீர்ந்தது போல் இல்லை. எனவே இரண்டு வாய் குடித்துவிட்டுத் தள்ளி வைத்துவிடுகிறார்கள். உடலில் நீர் வற்றுகிறது. சிறுநீர் குறைகிறது, மலச்சிக்கல் வருகிறது, மயக்கமும் குழப்பமும் தொடர்கின்றன. அளவுக்கு மீறிக் கெட்டியாக்கினால் தொண்டையிலேயே மிச்சம் தங்கி, பிறகு அதுவே புரை ஏறலாம்.

2008ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. மறதி நோயோ பார்க்கின்சன் நோயோ உள்ள 515 பேர் அதில் பங்கேற்றார்கள். கெட்டியான பானம் குடித்தவர்களுக்கும், தாடையைத் தாழ்த்திச் சாதாரண பானம் குடித்தவர்களுக்கும் இடையே நிமோனியா வருவதில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் கெட்டியான பானம் குடித்தவர்களிடையே நீர் வற்றுதல் அதிகமாக இருந்தது. இதனால் கெட்டியான பானமே வேண்டாம் என்று முடிவு செய்துவிட முடியாது. யாருக்கு அது தேவை என்பதைப் பரிசோதித்தே தீர்மானிக்க வேண்டும். தேவையானவருக்குக் கொடுத்தால், அவர் அதை முழுவதும் குடித்து முடிக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

இந்தப் பாடத்தின் மையம் இதுதான். டம்ளரில் மீந்துபோகும் பானம் யாரையும் காப்பாற்றாது. ருசியும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

3. பாகாயத்தில் ஒரு சாட்சி

நோயாளி பிழைத்தால் போதும் என்று நின்றுவிடாமல், அவர் மனிதராக வாழ வழி செய்ய வேண்டும் என்ற எண்ணம் வேலூருக்குப் புதிதல்ல. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954ஆம் ஆண்டு நடந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு, நடக்கும் சக்தியை இழந்தார். அதன்பின் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966ஆம் ஆண்டு பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மறுவாழ்வு என்றதும் நமக்குச் சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் செயற்கைக் காலும் நினைவுக்கு வருகின்றன. அவற்றோடு ஒரு டம்ளர் காபியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும் காபி குடிப்பது, விருந்தாளி வந்தால் கூட உட்கார்ந்து ஏதாவது அருந்துவது, பண்டிகை நாளில் மற்றவர்களோடு பாயசம் சாப்பிடுவது ஆகியவை ஒருவரைக் குடும்பத்தோடு கட்டி வைக்கின்றன. இவை நின்றுபோனால் அவர் வீட்டுக்குள்ளேயே அந்நியராகிவிடுகிறார்.

4. எவ்வளவு கெட்டி?

"கொஞ்சம் கெட்டியாகக் கொடுங்கள்" என்று சொன்னால் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமாகக் கரைப்பார்கள். இதைச் சரிசெய்ய ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற பன்னாட்டுக் குழு 2013ல் பணி தொடங்கி, உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பிரித்தது. பானங்களுக்கு உரியவை 0 முதல் 4 வரை. 0 என்பது தண்ணீர். 4 என்பது கரண்டியால் எடுத்துச் சாப்பிடும் பதம்.

இதை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சு ஒன்று போதும். 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாச் சிரிஞ்சும் ஒரே நீளம் அல்ல. பிறகு தள்ளுதண்டை எடுத்துவிட்டு, நுனியை விரலால் அடைத்து, 10 மில்லி வரை பானத்தை ஊற்ற வேண்டும். விரலை எடுத்து 10 விநாடி ஒழுகவிட்டு மீண்டும் அடைக்க வேண்டும். உள்ளே மிஞ்சியதைப் பார்க்க வேண்டும்.

1 மில்லிக்கும் குறைவாக மிஞ்சினால் நிலை 0.
1 முதல் 4 மில்லி மிஞ்சினால் நிலை 1.
4 முதல் 8 மில்லி மிஞ்சினால் நிலை 2.
8 மில்லிக்கு மேல் மிஞ்சி, சிறிதளவாவது ஒழுகினால் நிலை 3.
சற்றும் ஒழுகாவிட்டால் அது நிலை 4 ஆக இருக்கலாம். அதைக் கரண்டியிலும் முள்கரண்டியிலும் வைத்துச் சோதிக்க வேண்டும்.

யாருக்கு எந்த நிலை என்பதை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் சொல்ல வேண்டும். விழுங்கும் சிரமங்களைப் பார்ப்பதும் பேச்சுப் பயிற்சியாளரின் வேலையே என்பது பலருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டாருக்குச் சொன்ன அளவை நாமாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

5. நம் சமையலறையில் இருப்பவை

கேழ்வரகுக் கஞ்சி நம் பகுதிக்குப் புதிதல்ல. 200 மில்லி தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி மாவு என்று தொடங்கலாம். மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, நன்றாக வேகவைத்து, வடிகட்ட வேண்டும். ஆறஆற அது இன்னும் கெட்டியாகும். ஆகையால் குடிக்கும் சூட்டுக்கு வந்தபின்தான் சிரிஞ்சில் அளக்க வேண்டும்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. முளைகட்டிய கேழ்வரகு மாவு சத்து மிகுந்தது என்று பலரும் வாங்குகிறார்கள். தானியம் முளைக்கும்போது மாவுச்சத்தை உடைக்கும் நொதி ஒன்று அதில் உண்டாகிறது. அதனால் அந்தக் கஞ்சி நீர்த்துப்போகும். கைக்குழந்தைக்கு ஊட்ட அது நல்ல குணம். விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு அதுவே ஆபத்து.

நம் உமிழ்நீரிலும் அதே வகை நொதி இருக்கிறது. வாயில் வைத்த கரண்டியை மறுபடியும் டம்ளருக்குள் விட்டால், அரிசிக் கஞ்சியும் ஆரோரூட் கஞ்சியும் சோளமாவுக் கஞ்சியும் சிறிது நேரத்தில் தண்ணீராகிவிடும். ஆகவே சிறிய கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஊட்டுவது நல்லது.

மருந்துக் கடையில் விற்கும் கெட்டியாக்கும் பவுடர்களில் சில மாவுச்சத்தால் ஆனவை, சில சாந்தன் கம் என்ற பசையால் ஆனவை. சாந்தன் கம் உமிழ்நீரால் நீர்த்துப்போவதில்லை, நேரம் ஆக ஆகப் பதமும் அதிகம் மாறுவதில்லை, பானத்தின் நிறமும் கலங்குவதில்லை. ஆனால் பாலில் அது கெட்டியாக அதிக நேரம் பிடிக்கும். பொறுமையில்லாமல் இன்னொரு கரண்டி போட்டுவிட்டால் சிறிது நேரத்தில் களியாகிவிடும். பொட்டலத்தில் சொன்ன அளவைப் போட்டு, கலக்கி, சில நிமிடங்கள் காத்திருந்து, பிறகு அளக்க வேண்டும்.

கைக்குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் எந்தப் பவுடரையும் கொடுக்கக்கூடாது. சாந்தன் கம் கலந்த ஒரு பொருளைக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் 2011ல் எச்சரித்தது. மலச்சிக்கலுக்காகத் தரப்படும் சில மருந்துப் பொடிகள் மாவுச்சத்துப் பவுடரோடு கலந்தால் பானம் நீர்த்துப்போகும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021ல் அறிவித்தது. ஆகவே மருந்துகளை இந்தப் பானத்தில் கலக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயாளிகள் மாவுச்சத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

6. ருசியும் மரியாதையும்

அ. கெட்டியாக்கும்போது ருசி மங்கும். ஆகையால் காபிக்கு டிகாக்ஷன் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். மோரில் இஞ்சிச்சாறும் பெருங்காயமும் கறிவேப்பிலை மணமும் சேரட்டும். திப்பியும் இலையும் இல்லாமல் வடிகட்டிவிட வேண்டும். ரசத்தையும் வடிகட்டி, பதமாகக் கெட்டியாக்கிச் சூடாகத் தரலாம்.

ஆ. சூடு என்றால் குடிக்கத்தக்க சூடாகவும், குளிர்ச்சி என்றால் நன்றாகக் குளிர்ந்தும் இருக்கட்டும். வெதுவெதுப்பான கெட்டிப் பானத்தை யாருமே விரும்புவதில்லை. குளிர்ச்சியும் புளிப்பும் சிலருக்கு விழுங்கும் செயலைச் சீக்கிரமாகத் தூண்டுகின்றன. எலுமிச்சைச் சாறு அவர்களுக்குப் பிடிக்கலாம்.

இ. அவருக்கு எது பிடிக்கும் என்று கேட்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு வீடுகளில் நோன்புக் கஞ்சியை அறியாதவர் இல்லை. ரமலான் மாதத்தில் எல்லோரும் அதைக் குடிக்கும்போது, அதையே மையாக அரைத்து, வடிகட்டி, சொன்ன பதத்துக்குக் கொண்டுவந்து பெரியவருக்கும் கொடுக்கலாம். கிறிஸ்துமஸ் நாளில் பாயசமும் அப்படியே. சேமியாவும் முந்திரியும் இல்லாமல், பாலும் ஏலக்காயும் மணக்கக் கொடுத்தால் அவரும் பந்தியில் ஒருவர்.

ஈ. ஒரே நேரத்தில் பெரிய டம்ளர் நிறையக் கொடுத்தால் பார்த்ததுமே மனம் சலித்துவிடும். சிறிய டம்ளரில், நாளில் பல தடவை கொடுப்பது மேல். வழக்கமாகக் குடித்த டம்ளரிலேயே கொடுக்க முடியுமானால் இன்னும் நல்லது.

உ. "மருந்து குடிங்க" என்று சொல்லாமல், "காபி கொண்டு வந்திருக்கேன் அப்பா" என்று சொல்லுங்கள். நேராக உட்காரவைத்து, அவர் கண்பார்வைக்கு எதிரே நாமும் உட்கார்ந்து, ஒரு வாய் விழுங்கி முடித்தபின் அடுத்ததைக் கொடுக்க வேண்டும். குடித்து முடித்ததும் அரை மணி நேரமாவது படுக்கவிடக்கூடாது.

ஊ. வாயைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். வாய் அழுக்காக இருந்தால் ருசி தெரியாது. அழுக்கு வாயின் கிருமிகள் நுரையீரலுக்குப் போனால் நிமோனியாவும் வரும்.

உலகின் வேறு இடங்களிலும் இதைப் பற்றிச் சிந்திக்கிறார்கள். ஜப்பானில் காபியையும் தேநீரையும் கெட்டியாகவே தரும் இயந்திரங்கள் சில மருத்துவமனைகளில் இருக்கின்றன. அமெரிக்காவின் லூயிவில் நகரில் உள்ள ஃப்ரேசியர் மறுவாழ்வு நிலையம் 1984ல் ஒரு முறையைத் தொடங்கியது. தகுதியுள்ள நோயாளிகளுக்கு, வாயை நன்றாகச் சுத்தம் செய்தபின், சாப்பாட்டு வேளைகளுக்கு இடையே மட்டும் வெறும் தண்ணீர் குடிக்க அனுமதிப்பதே அந்த முறை. இது எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால் "என் உறவினருக்கு இது பொருந்துமா?" என்று பேச்சுப் பயிற்சியாளரிடம் கேட்கும் உரிமை ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு.

7. ஏமாற்றும் பண்டங்கள்

ஐஸ்கிரீம் கெட்டியாகத் தெரியும், வாயில் உருகித் தண்ணீராகிவிடும். ஜெல்லியும் அப்படியே. டீயில் நனைத்த பன், வழுக்கைத் துண்டு மிதக்கும் இளநீர், வெங்காயம் போட்ட கூழ், ரசம் தனியே நிற்கும் சாதம் ஆகியவற்றில் தண்ணீரும் திடப்பொருளும் ஒன்றாக வாய்க்குள் போகின்றன. ஒன்றைச் சமாளிக்கும்போது மற்றொன்று நழுவிவிடும். பாசத்தோடு பார்க்க வருகிறவர்கள்தான் பெரும்பாலும் இவற்றை வாங்கி வருகிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். கட்டிலுக்கு மேலே ஒரு சிறு அட்டையில் எந்த நிலைப் பானம் என்று எழுதித் தொங்கவிட்டால் போதும்.

8. வேலைக்குப் போகும் வீட்டில்

இராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை தோல் பதனிடும் தொழிலையும் காலணித் தொழிற்சாலைகளையும் நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. மகனும் மருமகளும் காலையில் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவார்கள். வீட்டில் பெரியவரும் பள்ளிப் பிள்ளையுமே இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் காய்ச்சிய கஞ்சி மதியம் களியாகிவிடுகிறது. அதில் பிள்ளை தண்ணீர் ஊற்றிக் கலக்குகிறது. அளவு தவறுகிறது.

இப்படிப்பட்ட வீட்டுக்குப் பதம் மாறாத சாந்தன் கம் பவுடர் ஏற்றது. ஆனால் அதற்குத் தொடர்ந்து பணம் வேண்டும். அது இயலாதபோது, மதியம் புதிதாகக் காய்ச்சித் தரப் பக்கத்து வீட்டார் ஒருவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஆகவே நோயாளி வீடு திரும்பும் முன், யார் பகலில் அவரோடு இருப்பார் என்று கேட்டு, அந்த நபரையே வரவழைத்துச் சிரிஞ்சைக் கையில் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம். வாயால் சொல்லி அனுப்புவது போதாது.

9. திருவிருந்தில் அவருக்கும் இடம்

சபையாருக்கு ஒரு வார்த்தை. விழுங்கச் சிரமப்படுகிற ஒருவர் திருவிருந்துக்கு வருவதையே நிறுத்திவிடலாம். உலர்ந்த அப்பம் தொண்டையில் ஒட்டும், திராட்சரசம் புரை ஏறும், எல்லோர் முன்னும் இருமுவது கூச்சமாக இருக்கும். விசுவாசம் குறைந்துவிட்டதோ என்று நாம் நினைத்துவிடுகிறோம்.

இதற்கு வழி உண்டு. ஆயரும் குடும்பத்தாரும் பேச்சுப் பயிற்சியாளரும் முன்கூட்டியே கலந்து பேசி, அவருக்குரிய பங்கை அவருக்குச் சொன்ன பதத்தில் ஆயத்தம் செய்யலாம். பீடத்துக்கு வரும் மற்ற எல்லோரையும் போலவே அவரும் பெற்றுக்கொள்வார். அதைச் சபை முழுவதும் கவனிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

10. உங்கள் பங்கு

ஒரு சிரிஞ்சு, ஒரு வடிகட்டி, சில பொட்டலம் பவுடர், குடும்பத்தாரோடு உட்கார்ந்து கற்றுக்கொடுக்க ஒரு பயிற்சியாளரின் நேரம். அறுவை சிகிச்சைக் கருவிகளுக்கு முன் இவை மிகச் சிறியவை. இவற்றில் விலை கூடியது கற்றுக்கொடுக்கும் நேரமே. உங்கள் காணிக்கை அந்த நேரத்தை வாங்கித் தருகிறது என்பதை நன்றியோடு நினைவுகூருகிறோம்.

சிந்திக்கச் சில கேள்விகள் (பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கும் வேதபாடக் குழுக்களுக்கும்)

1. நம் சபையில் பக்கவாதத்துக்குப்பின் வீட்டோடு இருப்பவர்கள் யார்? அவர்களுக்குச் சாப்பிடும்போது புரை ஏறுகிறதா என்று யாராவது கேட்டதுண்டா?
2. நோயாளியைப் பார்க்கப் போகும்போது நாம் வாங்கிச் செல்லும் பண்டம் அவருக்கு ஏற்றதா?
3. அடுத்த சபை விருந்தில், விழுங்கச் சிரமப்படுகிற ஒருவருக்காக எதை ஆயத்தம் செய்யலாம்?

ஜெபக் குறிப்புகள்

பானத்தைக் கண்டு பயப்படுகிறவர்களுக்காகவும், பகல் முழுவதும் தனியே இருக்கும் முதியவர்களுக்காகவும் ஜெபியுங்கள். வேலை முடிந்து களைத்து வந்தபின்னும் பொறுமையாக ஊட்டும் மகன்களுக்காகவும் மகள்களுக்காகவும் மருமகள்களுக்காகவும் ஜெபியுங்கள். பேச்சுப் பயிற்சியாளர்கள் கிராமங்களிலும் கிடைக்கும்படி ஜெபியுங்கள். அவர்களை உருவாக்கும் கல்விக்கும் உங்களால் இயன்றதைக் கொடுங்கள்.

கர்த்தருடைய சமாதானம் உங்களோடு இருப்பதாக.